எடை குறைக்கும் இயற்கைப் பொருள்கள்: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

உடம்பு இளைக்க என்று விற்கப்படும் இயற்கைப் பொருள்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும், உடலுக்குள் அவை செய்யும் வேலையைப் பார்த்தால் ஐந்து வகைக்குள் அடங்கிவிடும். ஈசப்கோல், வெந்தயம், கொள்ளு போன்றவை நார்ச்சத்தாலும் புரதத்தாலும் வயிற்றை நிறைத்துப் பசியைத் தள்ளிப்போடுகின்றன. நிலவாகை, திரிபலா ஆகியவை குடலைக் கழுவிவிடுகின்றன. நெருஞ்சில், மூக்கிரட்டை ஆகியவை சிறுநீரைப் பெருக்குகின்றன. கிரீன் டீ சாரம், பச்சைக் காப்பிக்கொட்டைச் சாரம், கொடம்புளிச் சாரம் ஆகியவை கொழுப்பை எரிப்பதாகச் சொல்லி விற்கப்படுகின்றன. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் போன்றவை, தின்ற கொழுப்பு உடலில் ஒட்டாமல் தடுக்கும் என்ற பெயரில் வருகின்றன. இவற்றில் முதல் வகைக்குத்தான் ஓரளவாவது நம்பத்தக்க ஆதாரம் இருக்கிறது. விலை குறைவானதும் அதுவே. டப்பாவின் விலை ஏற ஏற ஆதாரம் மெலிந்துகொண்டே போவதுதான் இந்தச் சந்தையின் விசித்திரம்.

இடுப்பளவும் டீ கணக்கும்

எதையும் வாங்குமுன் எடை உண்மையிலேயே கூடுதலா என்று பார்க்க வேண்டும். கிலோவில் எடையை எடுத்து, மீட்டரில் உயரத்தை அதே உயரத்தால் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீடு. இந்தியர்களுக்கு அது 23ஐத் தொட்டால் கூடுதல் எடை, 25ஐத் தொட்டால் பருமன் என்று 2009இல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் வரையறுத்தார்கள். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு இந்த எல்லைகள் ஏறத்தாழ 59 கிலோவும் 64 கிலோவும். தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளந்தால் ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தமிழ்நாட்டில் இது பாதி வீட்டுப் பிரச்சினை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 25 என்ற எல்லையை வைத்துப் பார்த்தே பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் பேர் அதைத் தாண்டியிருந்தார்கள்.

வடசென்னையில் ராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ள பகுதியில் எடை ஏறுவதற்கு இந்த ஊருக்கே உரிய சில காரணங்கள் உண்டு. துறைமுகம், அத்திப்பட்டு அனல் மின் நிலையம், எண்ணூர், திருவொற்றியூர், மணலி தொழிற்சாலைகள் ஆகிய இடங்களில் வேலை ஷிப்டு கணக்கில்தான் நடக்கிறது. நைட் ஷிப்டில் உடம்பு தூக்கத்தைக் கேட்கும் நேரத்தில் பரோட்டாவும் டீயும் உள்ளே போகின்றன. பகலில் வீட்டுச் சத்தத்தில் தூக்கம் கலைகிறது. தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடுகிறது. காசிமேட்டில் விடியுமுன் ஏலத்துக்கு நிற்கும் மீன் விற்கும் பெண்கள் காலைச் சாப்பாட்டைத் தாண்டிவிட்டு மதியம் மூன்று மணிக்கு ஒரேயடியாகச் சாப்பிடுகிறார்கள். இவற்றுக்கு எந்தக் கேப்சூலும் மருந்தாகாது.

டீ கணக்கைத் தனியாகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு கப் டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம், 40 கலோரி. ஷிப்டில் ஆறு டீ குடித்தால் 240 கலோரி. மாதத்துக்கு 7,200. ஒரு கிலோ உடல் கொழுப்பில் இருப்பது ஏறத்தாழ 7,700 கலோரி. சர்க்கரை இல்லாத டீக்கு மாறுவதால் மட்டும் மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ அளவுக்குக் கணக்கு விழுகிறது. உடம்பு கணக்கை அப்படியே பின்பற்றுவதில்லை, கொஞ்சம் ஈடுகட்டிக்கொள்ளும். ஆனாலும் கீழே வரும் பொருள்களில் ஒன்றுகூட ஒழுங்கான ஆய்வில் இதற்கு இணையாக ஒரு மாதத்தில் செய்து காட்டியதில்லை. துணை உணவு என்ற சொல்லில் துணை என்பதைத்தான் அழுத்திப் படிக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் பொருள்கள்: நாரும் பருப்பும்

ஈசப்கோல் என்பது ஒரு செடியின் விதை உமி. குஜராத்தின் உஞ்சா சந்தையிலிருந்து நாடெங்கும் வருகிறது. எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கும். ஒரு டீஸ்பூன் உமியை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் முதலில் தவிடு போல மிதக்கும். ஓரிரு நிமிடத்தில் தண்ணீர் கொழகொழத்துக் கஞ்சியாகிவிடும். அப்படி ஆவதற்கு முன்பே குடித்துவிட்டு, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். அந்தக் கஞ்சி வயிற்றுக்குள் ஆனால் பசி தணியும். தொண்டைக்குள் ஆனால் அடைக்கும். அதனால் உமியை உலர்ந்தபடி வாயில் போடவே கூடாது. விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும், குடல் அடைப்பு வந்தவர்களுக்கும் இது வேண்டாம். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு எடுத்துக்கொண்டால் தட்டில் விழும் சோறு கொஞ்சம் குறையும். கெட்ட கொழுப்பான எல்டிஎல் குறைவதற்கு இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. எடையில் பலன் சிறியது. தைராய்டு, சுகர், இதய மாத்திரைகள் எதுவானாலும் இதற்கும் அதற்கும் இடையே இரண்டு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் மாத்திரையையும் இது தன்னோடு கட்டிக்கொண்டு போய்விடும்.

வெந்தயமும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. இரவில் ஒரு டீஸ்பூன் ஊறவைத்துக் காலையில் தண்ணீரோடு மென்று தின்பது போதும். தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு விதையைக் கொட்டுகிறவர்கள் நாரின் பெரும்பகுதியைக் கொட்டுகிறார்கள். வெந்தயம் இரத்தச் சர்க்கரையை இறக்கும். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதைத் தொடங்கினால் சர்க்கரையை அடிக்கடி சோதிக்க வேண்டும். தாழ்சர்க்கரையில் படபடப்பும் வியர்வையும் வந்தால், கிரேன் ஓட்டுபவருக்கும் டிரெய்லர் ஓட்டுபவருக்கும் அது விபத்தில் முடியும். வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம் மூன்றையும் வறுத்துப் பொடித்து வெந்நீரில் குடிப்பது பல ஆண்டுகளாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் வைத்தியம். அதில் அளவில் அதிகம் வெந்தயம்தான், பலனும் பெரும்பாலும் அதனுடையதே. கருஞ்சீரகத்துக்குச் சிறு ஆய்வுகளில் சராசரியாகச் சுமார் இரண்டு கிலோ எடைக் குறைவு தெரிந்திருக்கிறது. அந்தப் பொடியைக் கடையில் டப்பாவாக வாங்குவதைவிட மூன்றையும் தனித்தனியே வாங்கி வீட்டில் அரைப்பது மேல். உள்ளே என்ன இருக்கிறது என்பதாவது தெரிந்திருக்கும்.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியால் கொள்ளுக்கு ஒரு தனி மவுசு. கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் என்று சொல்ல மனிதர்களிடம் நடந்த நல்ல ஆய்வு கிடையாது. ஆனால் 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது, நாரும் நிறைய. ஒரு கிண்ணம் கொள்ளுச் சுண்டல் சாப்பிட்டவர் அடுத்த நான்கு மணி நேரத்துக்குப் பஜ்ஜி பக்கம் திரும்ப மாட்டார். பழமொழியின் உண்மை அவ்வளவுதான், அதுவே போதும். இதிலும் கொள்ளுத் தண்ணீர் மட்டும் குடிப்பவர்கள் புரதத்தைச் சட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். ரசம் வைத்தால் பருப்பை மசித்துச் சேர்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தினமும் சாப்பிடக் கூடாது.

குளூக்கோமன்னான் என்ற பெயர் இப்போது டப்பாக்களில் தென்படுகிறது. சேனைக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த, கிழக்காசியாவில் விளையும் கோஞ்ஜாக் கிழங்கின் நார் அது. குறைந்த கலோரி உணவோடு சேர்த்து, வேளைக்கு ஒரு கிராமாக நாளுக்கு 3 கிராம், சாப்பாட்டுக்கு முன் ஒன்றிரண்டு டம்ளர் தண்ணீரோடு எடுத்தால் எடை குறைய உதவும் என்று எழுதிக்கொள்ள ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு அனுமதி தந்திருக்கிறது. அங்கே அத்தகைய அனுமதி கேட்டு மறுக்கப்பட்ட மூலிகைகள் ஏராளம். ஈசப்கோலுக்குச் சொன்ன தண்ணீர் எச்சரிக்கை இதற்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

சாறுகளில் வெள்ளைப் பூசணிச் சாறு சர்க்கரை சேர்க்காதவரை தீங்கில்லாதது. பெரிதாக எதையும் குறைக்காது, ஜூஸ் கடை மில்க் ஷேக்கின் இடத்தைப் பிடித்தால் அதுவே லாபம். சுரைக்காய்ச் சாற்றில் கவனம் தேவை. சில சுரைக்காய்களில் குக்குர்பிட்டாசின் என்ற கசப்பு நஞ்சு சேர்ந்திருக்கும். அதைக் குடித்து இரத்த வாந்தி எடுத்தவர்களும் இறந்தவர்களும் இருப்பதால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்தது. வெட்டியதும் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் தூக்கி எறிய வேண்டும் என்பது அதன் அறிவுரை. தேன் ஊற்றிக் கசப்பை மறைப்பது ஆபத்து.

பேதி டீ

ஸ்லிம் டீ, டீடாக்ஸ் டீ என்று விற்கப்படும் பலவற்றின் உள்ளே இருப்பது நிலவாகை இலை. நிலாவாரை என்றும் சொல்வார்கள். திருநெல்வேலிச் சீமையில் விளைந்து தூத்துக்குடி வழியாக உலகெங்கும் போகும் பழைய ஏற்றுமதிச் சரக்கு அது. மலச்சிக்கலுக்கு நல்ல மருந்து, சில நாளைக்கு மட்டும். எடை குறைக்க அது உதவாது, ஏனென்றால் அது பெருங்குடலில் வேலை செய்கிறது. சாப்பாட்டின் கலோரி அதற்கு முன்பே சிறுகுடலில் உடலுக்குள் போய்விடுகிறது. பேதியோடு வெளியேறுவது தண்ணீரும் உப்புகளும். மறுநாள் தராசில் ஒரு கிலோ குறைந்து காட்டும், தண்ணீர் குடித்ததும் ஏறிவிடும். வாங்கியவருக்கு டீ வேலை செய்கிறது என்ற நம்பிக்கை மட்டும் நிற்கும். திரிபலாவும் கடுக்காயும் இவ்வளவு கடுமையானவை அல்ல; ஆனாலும் எடைக்காக மாதக்கணக்கில் குடிக்க வேண்டியவை அல்ல. நெருஞ்சிலும் மூக்கிரட்டையும் சித்த மருத்துவத்தில் சிறுநீர் பெருக்கத் தருபவை, கொழுப்புக்கு அல்ல.

வடசென்னைத் தொழிலாளிக்கு இந்த இரண்டு வகையும் மற்றவர்களைவிட அதிக ஆபத்து. பாய்லர் பக்கத்திலும் வார்ப்பு உலையிலும் நிற்பவர், மே மாத வெயிலில் கன்டெய்னர் யார்டில் கன்டெய்னர்களைக் கட்டும் லாஷிங் வேலை செய்பவர், விசைப்படகில் நாள்கணக்கில் கடலில் இருப்பவர் ஆகியோருக்கு வியர்வையிலேயே தண்ணீரும் சோடியமும் போய்க்கொண்டிருக்கும். அதற்கு மேல் பேதியும் சேர்ந்தால் பொட்டாசியம் இறங்கும். கெண்டைக்கால் பிடித்து இழுப்பது, கை கால் சோர்வு, நெஞ்சு தாறுமாறாக அடிப்பது எல்லாம் அதன் அடையாளங்கள். பிரஷருக்கு நீர் மாத்திரை எடுப்பவருக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். பல மூலிகை டீக்களில் இனிப்புக்காகச் சேர்க்கும் அதிமதுரமும் அளவு மீறினால் பொட்டாசியத்தைக் குறைத்து இரத்த அழுத்தத்தை ஏற்றும். லேபிளில் இவற்றுள் எதன் பெயர் இருந்தாலும் அந்த டீயை அலமாரியிலேயே விட்டுவிடலாம்.

கேப்சூல்களின் கதை

கொடம்புளி கேரளத்து மீன் குழம்பில் காலங்காலமாக இருக்கிறது. குழம்பில் இருக்கும்வரை அதனால் தொந்தரவில்லை. அதன் தோலில் உள்ள ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலத்தைப் பிரித்தெடுத்துக் கேப்சூலாக்கியபோதுதான் அது எடைக் குறைப்பு மருந்தானது. 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வில் 135 பேரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு 12 வாரம் நாளுக்கு 1,500 மில்லிகிராம் கொடுத்தும், மற்றவர்களுக்குக் கொடுத்த வெற்று மாத்திரைக்கும் இதற்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அதற்குப் பிறகும் விற்பனை நிற்கவில்லை. இந்தச் சாரம் கலந்த பொருள்களால் கல்லீரல் பழுதானவர்களின் விவரங்கள் மருத்துவ இதழ்களில் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன.

கிரீன் டீ கதையும் இதே மாதிரிதான். கோப்பையில் குடிக்கும் கிரீன் டீ பாதுகாப்பானது. எடையில் அதன் பலனைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வு (2012), ஜப்பானுக்கு வெளியே நடந்த சோதனைகளில் கண்ட சராசரி வித்தியாசம் சுமார் 40 கிராம். ஒரு வெங்காயத்தின் எடை. சாரமாக்கிக் கேப்சூலில் அடைக்கும்போது அதிலுள்ள ஈஜிசிஜி என்ற வேதிப்பொருள் நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் உடலில் போனால் கல்லீரல் நொதிகள் ஏறுவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. பச்சைக் காப்பிக்கொட்டை, குவரானா போன்றவற்றின் வேகமெல்லாம் கஃபைன் வேகம். நாளுக்கு 400 மில்லிகிராம் வரை ஆரோக்கியமான பெரியவருக்குப் பரவாயில்லை. ஆனால் நைட் ஷிப்டு முடிந்து காலையில் படுப்பவர் ஃபேட் பர்னர் போட்டுக்கொண்டால் பகல் தூக்கமும் போய், எடை ஏற இன்னொரு காரணம் சேர்கிறது.

குக்குலு எனப்படும் பிசின் ஆயுர்வேதத்தில் பருமனுக்குப் பழையது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்ற நம்பிக்கையில் 2003இல் 103 பேரிடம் சோதித்தபோது எல்டிஎல் சற்று ஏறியது. சிலருக்கு உடம்பெல்லாம் தடிப்பு வந்தது. தமிழ்நாட்டின் வறண்ட குன்றுகளில் முளைக்கும் கள்ளிமுளையான் செடியின் சாறு பசியடக்கியாக விற்கப்படுகிறது. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 50 பேரிடம் 60 நாள் நடந்த சோதனையில் பசியும் இடுப்பளவும் குறைந்தன, எடையில் வெற்று மாத்திரையோடு ஒப்பிட வித்தியாசம் இல்லை. சுவாரசியமான செடி, மாதாமாதம் காசு கொடுக்கும் அளவுக்கு ஆதாரம் இன்னும் சேரவில்லை. ஆப்பிள் சைடர் வினிகரின் பேரைத் தூக்கிய லெபனான் ஆய்வு 2024இல் வெளியாகி, புள்ளிவிவரங்களை நம்ப முடியவில்லை என்று 2025 செப்டம்பரில் அதை வெளியிட்ட இதழாலேயே திரும்பப் பெறப்பட்டது. அந்தச் செய்தி முதல் செய்தி போன தூரம் போகவில்லை. வினிகரை நேராகக் குடித்தால் பல் எனாமல் அரிக்கும்.

கைட்டோசான் இந்தப் பகுதிக்கு நெருக்கமான பொருள். காசிமேட்டில் இறாலை உரித்தபின் குவியும் ஓடு போன்ற கழிவிலிருந்து கைட்டினைப் பிரித்து அதைத் தயாரிக்கிறார்கள். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கான செய்முறையை வகுத்துத் தந்தது. கழிவைக் காசாக்கும் தொழிலாக அது அருமையானது. எடை குறைப்பில், தரமாக நடந்த ஆய்வுகளில் பலன் மிகச் சொற்பம் என்று காக்ரேன் தொகுப்பு சொல்கிறது. இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்கள் தொடக் கூடாது. இயற்கை என்ற சொல்லைப் பார்த்துச் சைவப் பொருள் என்று நினைத்து வாங்கியவர்களும் உண்டு. லேபிளில் பழுப்பு நிற அசைவக் குறி இருக்கும்.

மூலிகை பெயரில் மாத்திரை

எந்த இயற்கைப் பொருளும் ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரிய எடையைக் குறைக்காது. அப்படிக் குறைத்தால் உள்ளே வேறொன்று இருக்கலாம். அநேகமாக அது சிபுட்ரமின். பசியை அடக்கும் ரசாயன மருந்தான அது இரத்த அழுத்தத்தை ஏற்றி, மாரடைப்பும் பக்கவாதமும் வர வழி செய்ததால் 2010 அக்டோபரில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. இந்தியா 2011 பிப்ரவரியில் தடை செய்தது. 2007 முதல் 2016 வரை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கலப்படம் என்று கண்டுபிடித்த 776 துணை உணவுகளில் 317 எடை குறைக்க விற்கப்பட்டவை, அந்த 317இல் 269இல் சிபுட்ரமின் இருந்தது. மூலிகைக் கேப்சூல் எடுத்தவருக்கு வாய் உலர்ந்து, தூக்கம் கெட்டு, நெஞ்சு படபடத்து, பசியே இல்லாமல் போனால் அன்றே நிறுத்திவிட்டு பிரஷர் பார்க்க வேண்டும்.

வடசென்னையின் குத்துச்சண்டை மன்றங்களில் எடைப்பிரிவுக்குள் இறங்க அவசரப்படும் இளைஞர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. சிபுட்ரமினும் சிறுநீர் பெருக்கும் மருந்துகளும் உலக ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கின்றன. சோதனையில் சிக்கினால் டப்பாவில் மூலிகை என்றுதான் எழுதியிருந்தது என்ற பதில் செல்லாது.

தாதுக் கலப்பும் இருக்கிறது. 2008இல் வெளியான ஆய்வில் இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேதப் பொருள்களில் ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ கண்டறியப்பட்டது. 2026 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்லூரி மாணவி உடம்பு இளைக்க ஒரு காணொளியைப் பார்த்து, நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் வாங்கித் தின்று இறந்தார். வெங்காரம் மூலிகையே அல்ல, போராக்ஸ் என்ற தாது உப்பு. பொற்கொல்லர் பட்டறையில் புழங்குவது.

டப்பாவைத் திருப்பிப் பார்ப்பது

முன்பக்கத்தில் மெலிந்த இடுப்பும் பச்சை இலையும் இருக்கும். படிக்க வேண்டியது பின்பக்கம். இந்தியச் சட்டத்தில் இத்தகைய பொருளுக்கு இரண்டே வாசல்கள். ஒன்று உணவு வாசல்: 2016இன் துணை உணவு விதிகள், 2018 ஜனவரி முதல் நடைமுறை. அதில் வரும் டப்பாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ எனும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் குறியும் 14 இலக்க எண்ணும், துணை உணவு என்ற சொல்லும், மருந்தாகப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்க வேண்டும். எண்ணின் முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு வியாபாரிக்கான வெறும் பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24. மத்திய உரிமம் என்றால் 00. எண்ணை ஆணையத்தின் ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் போட்டால் யாருடையது, எந்தப் பொருளுக்கு என்று தெரியும். ஊறுகாய்க்கு வாங்கிய எண்ணைக் கேப்சூல் டப்பாவில் ஒட்டியிருந்தால் அங்கேயே வெளிச்சமாகிவிடும்.

இன்னொன்று மருந்து வாசல். சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கு 1940இன் மருந்துச் சட்டப்படி உரிமம் உண்டு. அந்த எண்ணும், பேட்ச் எண்ணும், தயாரித்த தேதியும், சேர்மானங்களின் பெயரும் அளவும் லேபிளில் இருக்க வேண்டும். இரண்டு வாசலிலும் நுழையாத பொருள், யார் சொல்லி வந்தாலும், வாங்கத் தக்கதல்ல.

பலருக்குத் தெரியாத ஒரு சட்டம் 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திர வைத்தியங்கள் ஆட்சேபகர விளம்பரச் சட்டம். இன்ன நோயை மருந்து தீர்க்கும் என்று விளம்பரமே செய்யக் கூடாது என்று 54 நோய்களை அது பட்டியலிடுகிறது. உடல் பருமன் அதில் ஒன்று. முப்பது நாளில் பத்துக் கிலோ என்று மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் மூலிகை மருந்து நோட்டீஸ், ஒட்டியபோதே சட்டத்தை மீறியாயிற்று. உணவு என்ற பெயரில் தப்பினாலும், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2006இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. ஆகவே வாக்குறுதி பெரிதாக இருப்பதே வாங்காமல் இருப்பதற்குப் போதிய காரணம்.

வாங்கும் இடம், சாப்பிடும் முறை

தனிச் சரக்கு வாங்க பார்க் டவுன் ராசப்பா செட்டித் தெருவின் நாட்டு மருந்துக் கடைகள் ராயபுரத்துக்காரர்களுக்கு எட்டும் தூரம்தான். அங்கே வெந்தயம், கருஞ்சீரகம், ஆவாரம்பூ என்று முழு விதையாக, முழுப் பூவாக வாங்குவது நல்லது. பொடியாக்கிப் பொட்டலம் கட்டிய உடம்பு இளைக்கும் சூரணத்துக்கு உள்ளே இருப்பது கட்டியவருக்கு மட்டுமே தெரியும். சூரணம்தான் வேண்டுமென்றால் சித்த மருத்துவரைப் பார்த்து வாங்க வேண்டும். அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையிலும் தாம்பரம் சானடோரியத்தின் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் செலவு அதிகமில்லாமல் பார்க்கலாம்.

தெரிந்தவர், சொந்தக்காரர், ஷிப்டு நண்பர் மூலம் வரும் ஷேக் பவுடர் இன்னொரு பாதை. புரதப் பவுடரைச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடித்தால் கலோரி குறைந்து எடை இறங்கும். அந்த வேலையைக் கொள்ளும் மோரும் நெத்திலியும் இன்னும் குறைந்த காசில் செய்யும். இத்தகைய நேரடி விற்பனைக்கு 2021 டிசம்பரில் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. ஆள் சேர்த்தால் கமிஷன் என்று பேச்சு போனால் அது எடையைப் பற்றிய பேச்சே அல்ல.

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், 18 வயதுக்குட்பட்டவர்கள், கல்லீரல், சிறுநீரக நோயாளிகள் ஆகியோருக்கு எடை குறைக்கும் சாரமோ கேப்சூலோ எதுவுமே வேண்டாம். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எடுப்பவர்கள் வெந்தயத்தை அதிக அளவில் சேர்க்குமுன்னும், மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்கள் கொடம்புளிச் சாரத்தைத் தொடுமுன்னும் டாக்டரிடம் கேட்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மூலம் வீட்டுக்கே சுகர், பிரஷர் மாத்திரை வாங்குபவர்கள், மாத்திரை தருபவரிடம் என்ன பொடி சாப்பிடுகிறோம் என்பதையும் சொல்லிவிடலாம். பொடியைச் சொல்ல மறப்பதுதான் வழக்கம், அதை மருந்தாகவே யாரும் நினைப்பதில்லை.

ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும், சிறு அளவில் தொடங்க வேண்டும். மூன்றை ஒன்றாகத் தொடங்கினால் எது உதவியது, எது வயிற்றைக் கெடுத்தது என்று தெரியாது. வாரம் ஒரு முறை, ஒரே தராசில், காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து இடுப்பளவோடு எழுதிவைக்க வேண்டும். நைட் ஷிப்டு வாரத்தில் எழுந்தவுடன் பார்ப்பது காலைக்கு ஈடு. பன்னிரண்டு வாரத்தில் இடுப்பில் அசைவே இல்லையென்றால் அந்தப் பொருளுக்குச் செலவழிப்பதை நிறுத்திவிடலாம்.

சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, காரணமில்லாமல் உடம்பு அரித்தாலோ, சாப்பாடு வெறுத்து வாந்தி வந்தாலோ கல்லீரல் கெடுகிறது என்று பொருள். அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கல்லீரல், குடல் நோய்க்குத் தனித் துறையே இருக்கிறது. மஞ்சள் காமாலைக்கு என்று மேலும் ஒரு மூலிகை தேடிப் போவது நேரத்தை வீணடிக்கும். போலி, கலப்படம், எண் இல்லாத டப்பா ஆகியவை பற்றித் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணிலும், நுகர்வோர் புகாராக 1915 என்ற எண்ணிலும் சொல்லலாம். ரசீதையும் காலி டப்பாவையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும். புகார் கொடுக்கவும், அதைவிட முக்கியமாக டாக்டரிடம் காட்டவும் அவை தேவைப்படும்.